அடங்காத் தீனியிலிருந்து மீண்டவர்கள் தங்கள் கதையைச் சொல்வது: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை விட்டவர் தன் கதையைச் சொன்னால் ஊர் காது கொடுத்துக் கேட்கும். தீனியை அடக்க முடியாமல் தவித்து, அப்புறம் மீண்டவர் வாயைத் திறந்தால், "அதுக்கென்னங்க, கொஞ்சம் கொறச்சுச் சாப்புட வேண்டியதுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் பலர் சொல்வதே இல்லை. திருப்பூரில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுகிறோம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களும் கீழே. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கரூர், நாமக்கல் என்று எங்கே இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. மருத்துவம் பற்றி இங்கே வருவது எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குத்தான்.

கெடா விருந்தில் வயிறு முட்டச் சாப்பிடுகிறோமே, அதுவும் இந்த நோய்தானா?

இல்லை. விருந்தில் எல்லாரும்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். மருத்துவர்கள் பார்ப்பது வேறு. குறைந்த நேரத்தில், சுமார் இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் சாப்பிடக்கூடியதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது. சாப்பிடும்போதே "என்னால் நிறுத்த முடியவில்லை" என்று தெரிவது. இதோடு வழக்கத்தைவிட வேகமாக விழுங்குவது, பசியே இல்லாதபோது தின்பது, வயிறு வலிக்கும்வரை தின்பது, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பது, முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வருவது ஆகியவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்திருக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து நடந்தால் அதை நோயாகக் கணக்கில் எடுக்கிறார்கள்.

ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959லேயே இதை எழுதிவைத்தார். பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்ற பெயரில் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம் பிடித்தது 2013ல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அது 2022ல் நடைமுறைக்கு வந்தது. பெயர் வந்தே இத்தனை வருஷம்தான் ஆகிறது என்றால், உங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

உடம்பு பருமனை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒல்லியாக இருப்பவருக்கும் இருக்கும். குண்டாக இருக்கிற பலருக்கு இருக்காது. கல்யாண வீட்டில் எல்லாரும் பார்க்க இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எல்லாரும் தூங்கினபிறகு அட்டாலியிலிருந்து முறுக்கு டின்னை இறக்குகிறவர்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்.

மனசில் உறுதி இருந்தால் நிறுத்திவிடலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காத மாமா இந்த ஜில்லாவில் இல்லை.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராத இளைஞர்கள் 36 பேர் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நல்ல உடம்பும் நல்ல மனசும் உள்ளவர்கள் என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். பட்டினிக் காலத்தில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. சமையல் புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பட்டினி முடிந்து கட்டுப்பாட்டை எடுத்தபிறகு சிலர் மலைபோலத் தின்றும் திருப்தி வரவில்லை என்றார்கள். அவர்களுக்கு உறுதி இல்லை என்று சொல்ல முடியுமா?

நம்மில் பலருக்கு வண்டி இந்தச் சாலையில்தான் ஓடுகிறது. திங்கட்கிழமை டயட் தொடங்குவது, காலைச் சாப்பாட்டை விடுவது, சோற்றை விடுவது, இரவில் உடைந்துபோவது, மறுநாள் அதற்குத் தண்டனையாக இன்னும் குறைப்பது. உறுதி கூடக் கூட உடைவதும் பெரிதாகிறது. மனக்கவலை, சின்ன வயதில் கேட்ட கிண்டல், தூக்கமின்மை, பரம்பரை என்று மற்றக் காரணங்களும் உண்டு. ஆனால் "உறுதி இல்லாததால்" என்று ஒருவர் தன் கதையைத் தொடங்கினால், அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்கிறோம்.

கதை சொன்னால் சரியாகிவிடுமா?

சொல்வது மட்டும் போதாது. ஆனால் இந்த நோய் ஒளிவில் வளர்வது. பேப்பரைச் சுருட்டிக் குப்பையின் அடியில் தள்ளுவது, வேறு வேறு பேக்கரியில் பாதிப் பாதியாக வாங்குவது, "வீட்டுல விருந்தாளிங்க" என்று கடைக்காரரிடம் சொல்வது என்று தின்பதைவிட மறைப்பதற்கே அதிக உழைப்புப் போகிறது. ஒருவரிடம் சொல்லிவிட்டால் அந்த உழைப்பில் பாதி தேவைப்படாது. கேட்பவருக்கு நடப்பது இன்னும் பெரியது. "நான் மட்டும்தான் இப்படி" என்று இருபது வருஷம் நினைத்திருந்த ஒருவருக்கு, எதிரில் இருப்பவர் அதே குப்பைத்தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்தால் தெரியும்.

குடிக்கு எதிரான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் பேசிக்கொண்டதில் தொடங்கியது. ரோசான் என்ற பெண், அதே முறையில் நடந்த, சூதாட்டத்தை விட்டவர்களின் கூட்டத்துக்கு ஒரு நண்பருக்குத் துணையாகப் போனார். சீட்டாட்டக்காரர்கள் சொன்ன கதைகளைக் கேட்டபோது, இவர்கள் சீட்டைப் பற்றிச் சொல்வது நான் சாப்பாட்டோடு படும் பாடு என்று அவருக்குப் பட்டது. 1960 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று பெண்களாக ஓவர் ஈட்டர்ஸ் அனானிமஸைத் தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது, எடைமெஷின் கிடையாது. சேர ஒரே தகுதி, அடங்காமல் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. போனிலும் இணையத்திலும் கூட்டங்கள் நடப்பதால் தாராபுரத்தில் இருந்துகொண்டே ஆங்கிலக் கூட்டம் ஒன்றில் உட்கார முடியும். ஆங்கிலம் வராது என்றால் நம்பிக்கையான இரண்டு பேர் போதும், வீட்டு மொட்டைமாடி போதும்.

முதலில் யாரிடம் சொல்வது? வீட்டிலா, வெளியிலா?

எங்கள் அனுபவத்தில், முழுக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லவே கூடாது. அம்மா அழுவார்; அப்பா "நாளையிலிருந்து பேக்கரிப் பக்கம் போகாதே" என்பார்; அத்தை அன்று சாயங்காலமே கொடுமுடியிலிருக்கும் தங்கைக்குப் போன் போடுவார். மூன்றும் பாசத்தில் நடப்பவைதான், ஆனால் சொன்னவருக்கு அன்று இரவே மறுபடி டின் தேவைப்படும்.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ரகசியம் காப்பவரா என்பது முதல் கேள்வி. அடுத்தது, அவருக்கு உங்கள் எடையில் அக்கறை எவ்வளவு என்பது. எப்போது பார்த்தாலும் "இளைச்சிட்ட", "பெருத்துட்ட" என்றே பேச்சைத் தொடங்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதல் ஆள் ஆகமாட்டார். கல்யாணமானவர்களுக்குக் கணவனோ மனைவியோதான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலருக்கு அது அம்முச்சியாக (அம்மாவின் அம்மா) இருந்திருக்கிறது. ஒருவருக்கு, கூட வேலை பார்க்கும் செக்கிங் அக்கா.

கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

அனானிமஸ் கூட்டங்களில் பழக்கமான ஒரு வழி உண்டு: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். மூன்றுமே வேண்டும். ஆனால் புதிதாகப் பேசுகிறவர்கள் முதல் பகுதியிலேயே முக்கால் மணி நேரத்தைச் செலவழித்துவிடுவார்கள். எந்தெந்தப் பண்டம், எத்தனை, எங்கே வாங்கியது என்று. அவமானத்தை விவரிக்க விவரிக்க உண்மையாக இருப்பதுபோல ஒரு தோற்றம் வரும். கேட்பவருக்கோ வாயில் எச்சில் ஊறும், அல்லது தலை சுற்றும்.

முதல் பகுதியில் ஒரு நாள் போதும். நல்ல நாளும் வேண்டாம், மிக மோசமான நாளும் வேண்டாம். வழக்கமான ஒரு நாள். எங்களோடு இருக்கும் ஒரு பெண் சொல்வது இப்படி: பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு. காலையில் டீயோடு சரி. மத்தியானம் கொண்டுபோன சோற்றைப் பாதியில் மூடிவிடுவார், மற்றப் பெண்கள் பார்க்கிறார்கள் என்று. இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் கை நடுங்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால், பஸ் ஏறுமுன் ஒரு பை நிறையும். வீட்டுக் கதவைத் திறக்குமுன் பை காலியாகும். வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து மறுபடி சாப்பிடுவார், சந்தேகம் வரக்கூடாது என்று. அவ்வளவுதான். பையில் என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. கேட்ட எல்லாருக்கும் அவரவர் பை நினைவுக்கு வந்தது.

இரண்டாம் பகுதி, என்ன நடந்தது என்பது, பெரும்பாலும் சினிமா மாதிரி இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. மின்னல் வெட்டினாற்போல ஒரு கணத்தைத் தேடிச் சிலர் தவிக்கிறார்கள். உண்மையில் நடந்தது, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ் "ராத்திரி சாப்பாடு எப்படிங்க?" என்று திட்டாமல் கேட்டதாக இருக்கலாம். அதைச் சொல்லுங்கள். பொய்யாக ஒரு மின்னலைச் சேர்த்தால், கேட்பவர் தனக்கும் ஒன்று வரட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் பகுதியைத்தான் நீட்டச் சொல்கிறோம். இப்போது காலையில் என்ன செய்கிறீர்கள்? டீ நேரத்தில் கம்பெனி வாசலில் பஜ்ஜி வரும்போது என்ன செய்கிறீர்கள்? சண்டை போட்ட ராத்திரி எப்படிக் கழிந்தது? பேக்கரிக் கணக்கு நோட்டில் இருந்த பாக்கியை எப்படி அடைத்தீர்கள்? மாமியார் டப்பாவிலிருந்து எடுத்த காசைத் திருப்பி வைத்தீர்களா, சொல்லியா, சொல்லாமலா? புதிதாக வந்தவருக்கு வேண்டியது இந்த விவரங்கள்தான். துன்பம் அவருக்கே தெரியும்.

எதையெல்லாம் சொல்லக்கூடாது?

எண்களை. எத்தனை கிலோ இருந்தேன், எத்தனை கிலோ குறைந்தேன், எத்தனை கலோரி, எத்தனை பரோட்டா எல்லாவற்றையும் விடுங்கள். கிலோ கணக்கைக் கேட்டவுடன் அறையில் இருப்பவர்கள் உங்கள் கதையை விட்டுவிட்டுத் தங்கள் கணக்கைப் போடத் தொடங்குவார்கள். சிலருக்கு மீட்சி வந்தும் எடை குறையாது, அவர்கள் தோற்றவர்களாகிவிடுவார்கள். முன்பு-பின்பு போட்டோவும் அதே வகைதான். இங்கே யாருக்கும் ஜிம் விளம்பரம் வேண்டியதில்லை.

வாந்தி எடுத்தது, பேதி மாத்திரை போட்டது, நாள்கணக்கில் பட்டினி கிடந்தது போன்றவை உங்கள் கதையில் இருந்தால், "தின்றதை வெளியேற்ற ஆபத்தான வழிகளைப் பிடித்தேன்" என்ற அளவில் நிறுத்துங்கள். எப்படிச் செய்தேன் என்பது கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் செய்முறை விளக்கமாகிவிடும். அப்படி இன்னும் நடந்துகொண்டிருந்தால், கதையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும்.

பண்டங்களின் பெயரையும் முடிந்தவரை தவிர்ப்போம். அனானிமஸ் கூட்டங்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்துகொண்டு, நெய் விட்ட மைசூர்பாகைப் பற்றியோ ரோட்டோரக் காளானைப் பற்றியோ கோவைக்காரர் ஒருவர் உருகி உருகிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள்.

சொந்தக்காரர் வீட்டில் "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவதைப் பற்றி எப்படிப் பேசுவது? அவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகாதா?

ஆகும், கவனமில்லாமல் சொன்னால். நம் பக்கம் வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் சொம்பில் தண்ணீர், அப்புறம் பண்டம், அப்புறம் "சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்". சாப்பிடாமல் போனால் அவர்களுக்கு உண்மையிலேயே மனசு நோகும். வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் விளைந்தால்தான் சோறு என்று இருந்த தலைமுறை, இலையில் அரிசிச்சோறு போடுவதைப் பெரிய மரியாதையாக நினைத்தது. அந்த மரியாதையை நோய்க்குக் காரணமாக்கிப் பேசினால் கேட்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எனவே கதையில் வற்புறுத்தியவரை வில்லனாக்க வேண்டாம். உங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "இலையில் இன்னொரு ஒப்பிட்டு (போளி) வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தின்றபிறகு, இன்றைக்கு எல்லாம் கெட்டுப்போச்சு என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து மிச்சத்தை முடித்தேன்." இதில் யார்மேலும் பழி இல்லை. "எல்லாம் கெட்டுப்போச்சு" என்ற அந்த நினைப்புதான் மருத்துவர்களும் குறிவைக்கும் இடம். ஒரு ஒப்பிட்டுக்கும் ஒரு டின்னுக்கும் நடுவே நிற்கக் கற்றதுதான் பலருடைய மீட்சி.

மறுக்கும் வழிகளையும் கதையில் சேருங்கள், கேட்பவர்கள் எழுதியே வைத்துக்கொள்கிறார்கள். "டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருக்காருங்க" என்றால் பெரும்பாலான வீட்டில் எடுபடும். "போசியில போட்டுக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்பது எல்லார் மனசும் நோகாத வழி, ஆனால் தனியாக இருப்பவர் அந்தத் தூக்குப்போசியோடு வீட்டுக்குப் போவது ஆபத்து. வழியில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறார் எங்களில் ஒருவர். இலையில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவருக்கு இலையின் மேல் கையை வைத்துக் காட்டுவது பழைய முறைதான், இன்றும் வேலை செய்கிறது. நோம்பிக்குச் சுடும் கச்சாயமும் முறுக்கும் வீட்டில் நிறையும் வாரத்துக்கு மட்டும், அதை யார் பொறுப்பில், எந்த இடத்தில் வைப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பது இன்னொன்று.

விரதம் இருந்துதான் நான் மீண்டேன். அதைச் சொல்லலாமா?

உங்களுக்கு நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதை வழிமுறையாகச் சொல்ல வேண்டாம். சஷ்டி, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசிச் சனி என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, இரவு விரதம் முடித்தவுடன் அடக்க முடியாமல் போவது இந்த நோய் உள்ளவர்களுக்கு வாடிக்கை. மின்னசோட்டாக் கதை மறுபடியும். நேர்ச்சை இருந்தால் சிகிச்சை முடியும்வரை வேறு வகையில் செலுத்தலாம்: மாவிளக்கு, கோயிலில் கூட்டிப் பெருக்குவது, பழனிக்கு நடப்பது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நேற்று அதிகம் தின்றுவிட்டேன் என்று இன்று சாப்பாட்டை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்புண்டு. இதைக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

அனானிமஸ் கூட்டங்கள் மீட்சிக்குச் சொல்லும் பன்னிரண்டு படியில் கடவுள் வருகிறாரே. எனக்கு நம்பிக்கை இல்லை.

கடவுள் என்ற சொல்லும் அதில் வருகிறது, தங்களைவிடப் பெரிய ஒரு சக்தி என்றும் வருகிறது. அதை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களே சொல்வது. ஈரோட்டுப் பக்கம் சாமி இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் குறைவா என்ன? அவர்கள் கூட்டத்தையே அந்தச் சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். படிகளே வேண்டாம் என்றாலும் கதை சொல்லத் தடையில்லை.

ஆண்கள் யாரும் பேச வருவதில்லையே, ஆண்களுக்கு இது வராதா?

வரும். 2007ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளானவர்கள் பெண்களில் 3.5 விழுக்காடு, ஆண்களில் 2 விழுக்காடு. மற்ற உணவுக் கோளாறுகளைவிட இதில் ஆண்களின் பங்கு அதிகம். நம் ஊரில் ஆண் அதிகம் தின்றால் அது பெருமை. "நம்மாளு உக்காந்தா இருவது பரோட்டா" என்று நண்பர்களே பட்டம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டத்துக்குள் ஒளிந்துகொள்வது பெண்கள் பை மறைப்பதைவிட எளிது, வெளியே வருவது கஷ்டம். தறிக்குடோனில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுபவர்கள் இதில் அதிகம் மாட்டுவதை நாங்கள் பார்க்கிறோம். ஆண்கள் பேசத் தொடங்கும்போது கிண்டலாகத்தான் தொடங்குவார்கள். சிரிக்காமல் கேட்டால் ஐந்து நிமிடத்தில் குரல் மாறும்.

எங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். அவள் இப்படிக் கதை சொல்லி வெளியே தெரிந்தால்?

பயம் நியாயமானது. கொங்கு நாடு பெரிதாகத் தெரியும், ஆனால் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் மூன்றாவது ஆள் உறவாக இருப்பார். அதனால் சொந்த ஊரில் பேச வேண்டும் என்றில்லை. பொள்ளாச்சிப் பெண் கரூரில் பேசட்டும், அல்லது போன் கூட்டத்தில், முகம் காட்டாமல். பெயரைச் சொல்ல வேண்டாம், ஊரைச் சொல்ல வேண்டாம், தோட்டம், கம்பெனி, குலதெய்வம் எதையும் சொல்ல வேண்டாம். குலதெய்வத்தைச் சொன்னால் எந்தக் குலம் என்று தெரிந்துவிடும், குலம் தெரிந்தால் பங்காளி யார் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகளைத் தவிர, மருத்துவரிடம் சொல்வது வெளியே போகக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா என்று அடுத்து கேட்பீர்கள். என் கருத்து: நிச்சயத்துக்கு முன், பெண் தானே, பையனிடம் மட்டும், நேராகச் சொல்ல வேண்டும். புரோக்கர் வழியாகவோ பெரியவர்கள் வழியாகவோ போனால் அது வேறு நோயாக மாறித்தான் போய்ச் சேரும்.

அம்மா, மாமியார், அக்கா எல்லாரும் என் கதையில் வருகிறார்களே?

வருவார்கள். சின்ன வயதில் உங்கள் தட்டிலிருந்து சோற்றை எடுத்த அம்மாவை விட்டுவிட்டு எப்படிச் சொல்வது? அவர் செய்ததைச் சொல்லுங்கள், ஏன் செய்தார் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டாலும் சொல்லக்கூடியதாக இருந்தால் அது சரியான அளவு. இன்னொருவருடைய ரகசியத்தை, அக்காவின் கல்யாண முறிவு, அண்ணனின் குடி, இதையெல்லாம் உங்கள் கதைக்குச் சுவை கூட்ட எடுக்கக்கூடாது.

நான் இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. போன வாரம்கூட நடந்தது. நான் பேசலாமா?

பேசலாம், பேச வேண்டும். முழுசாகக் குணமானவர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்றால் கூட்டத்தில் மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆனால் நடந்த சூடு ஆறுவதற்குள் பலர் முன்னால் பேசாதீர்கள்; அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஒருவருடைய போன் நம்பர். இரண்டு மூன்று நாள் கழித்து, எது தூண்டியது, முன்பைவிட எங்கே சீக்கிரம் நின்றது என்று சொல்லும்போது அது மற்றவர்களுக்கும் உதவும். ஏற்கெனவே மீட்சிக் கதை சொல்லிப் பாராட்டு வாங்கியவருக்குச் சறுக்கல் வந்தால் நிலைமை இன்னும் கஷ்டம். சொன்னது பொய்யாகிவிட்டதே என்று வராமல் நின்றுவிடுவார்கள். சொன்னபோது அது உண்மைதான். வந்து அடுத்த பகுதியைச் சொல்லுங்கள்.

கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

சும்மா இருக்க வேண்டும். கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணி, வாக்கிங், ஏதோ ஒரு பவுடர் என்று நம்மிடம் ஆளுக்கொரு வைத்தியம் தயாராக இருக்கிறது. ஒருவர் பேசி முடிக்கும்வரை, முடித்தபிறகும், அவர் கேட்காமல் ஒன்றும் சொல்லக்கூடாது. "நல்லா இளைச்சு அழகா இருக்கீங்க" என்பதும் வேண்டாம். அவருக்கு அது, முன்பு அழகாக இல்லை என்று கேட்கும். "சொன்னதுக்கு நன்றிங்க" போதும். பேசியதை வாசலைத் தாண்டி எடுத்துப் போகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், வாந்தி, பேதி மாத்திரை இருந்தால், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ சேர்ந்திருந்தால் உடனே. மற்றவர்களும் போவது நல்லதுதான். இதற்கு முதலில் தருவது பெரும்பாலும் மருந்து இல்லை, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. அதன் முதல் பாடம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்: குறைக்கச் சொல்லமாட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்குமேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. கூடவே, என்ன சாப்பிட்டோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் குறிப்பது. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள்.

கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். ஈரோட்டுக்காரர்களுக்குப் பெருந்துறை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராத்திரி பதினொன்றரைக்கு டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் பேசலாம்.

வீட்டில் சொல்லிவிட்டேன். இப்போது எல்லாரும் என் தட்டையே பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலான வீட்டில் இது நடக்கும். சொன்னதோடு விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், பார்ப்பதைத் தவிர? என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் எத்தனை தோசை சாப்பிடுகிறேன் என்று எண்ணாதீர்கள். அலமாரியைப் பூட்டாதீர்கள், பூட்டினால் வெளியே வாங்கத் தோன்றும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம், டிவியை அணைத்துவிட்டு. கேட்க வேண்டும் என்றால் ஒருவர் மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலை, "இந்த வாரம் எப்படிப் போச்சு கண்ணு?" என்று கேட்டால் போதும். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.